ஏழாம் பக்கம்

வயலின் வாசித்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர் வாசிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். என்னால் முடியவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது அவர் தாள் திருப்பிய விதம்தான். வில்லைக் கடைசி மூன்று விரல்களில் இடுக்கிக்கொள்வார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய், ஸ்டாண்டில் இசைக்குறிப்புத் தாளைப் பிடித்திருக்கும் துணி கிளிப்பைக் கழற்றும். தாள் திரும்பும், கிளிப் மறுபடி மாட்டிக்கொள்ளும், வில் கைக்கு வரும். இத்தனைக்கும் ஒரு சத்தம் வராது. பக்கத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் எனக்கே சில நாள் தாள் தானாகத் திரும்பியதுபோல் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருபத்தாறு பேர் கூடுவோம். ஆர்க்கெஸ்ட்ரா என்று சொன்னால் போதும், யார் பாடுகிறார்கள், கல்யாணத்துக்கு வருவீர்களா என்றுதான் ஊரில் கேட்பார்கள். பாட ஆள் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை, எல்லாம் மேல்நாட்டு வாத்திய இசை என்றால் கேட்டவர் முகம் விழுந்துவிடும். சர்ச்சில் வாசிக்கிறவர்கள் பாதிப் பேர். கடலோர டவுன்ஷிப்பிலிருந்து வேனில் வரும் விஞ்ஞானிகள் நாலு பேர், ஒரு பல் டாக்டர், ஒரு ரயில்வே கார்டு, டெலிபோன்ஸில் ஜூனியர் எஞ்சினியராக இருந்த நான். எங்களை நடத்தியவர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். யாருக்கும் சம்பளம் கிடையாது, யாரும் பெரிய வித்வானும் கிடையாது.

நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். முதல் நாள் தாமதமாகப் போய், வயலின் பெட்டியோடு வாசலில் முழித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து, தன் நாற்காலியைக் காட்டினார். நாற்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, கழுத்தில் ஒன்றுமில்லை, கையில் ஒரு கறுப்பு வாட்ச்.

"இங்க குந்துமா. நான் அப்பால போய்க்கிறேன்" என்றார்.

அந்த நாற்காலிக்கு என்ன மதிப்பு என்று தெரியாதவளா நான்? இரண்டு வயலினுக்கு ஒரே ஸ்டாண்டு, ஒரே தாள். சபை பார்க்கிற பக்கம் உட்காருகிறவர் நிறுத்தாமல் வாசிப்பார். உள்பக்கம் உட்காருகிறவர் பக்கம் முடியும்போதெல்லாம் வாசிப்பை விட்டுவிட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். நன்றாக வாசிக்கிறவர் வெளிப்பக்கம், கொஞ்சம் குறைந்தவர் உள்பக்கம். அன்றைக்கு அரைமணி நேரத்திலேயே அவர் என்னைவிட நன்றாக வாசிக்கிறவர் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. எழுந்து இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மூன்று வருஷம் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குத் திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கிராமம். படித்த கான்வென்டில் ஒரு சிஸ்டர் நாலு பெண்களுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தாராம். மற்ற மூன்று பேரும் விட்டுவிட்டார்கள். சிஸ்டர் ஊரைவிட்டுப் போகும்போது தன் வயலினை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அக்காவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர சொந்தமாக எதுவும் அமைந்ததாகத் தெரியவில்லை. கல்யாணம் நடக்கவில்லை. தம்பி வீட்டில் இருந்தார். ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை.

அந்த டோக்கன் விஷயத்தைச் சொன்னால் ஆளே புரிந்துவிடும். ஒரு தடவை அவருக்கே நாலு நாள் காய்ச்சல். டாக்டர் பத்தடி தூரத்தில் அறைக்குள் இருக்கிறார். அக்கா காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்துவிட்டு, கடைசி எண்ணைத் தனக்கு வைத்துக்கொண்டார். புதிதாக யாராவது வந்தால் அந்தக் கடைசியையும் கொடுத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார். டாக்டர் மத்தியானம் கிளம்பிப் போய்விட்டார். மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்த பிறகுதான் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்களாம். இதை எனக்குச் சொன்னது அங்கே வேலை செய்த ஆயா. கேட்டதும் எனக்குப் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இதென்ன பிழைப்பு என்று அக்காவிடமே சண்டை போட்டேன். "வெளியூர்லர்ந்து வந்துகினு கீறாங்கமா, பஸ்ஸ விட்ருவாங்க" என்றார். அவர் எந்த பஸ்ஸைப் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

வாசிக்கும்போதும் இப்படித்தான். நான் எங்காவது தடுமாறி நின்றால் தானும் நின்றுவிட்டு, வில் நுனியால் தாளில் நான் தொலைத்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார். "நீ வாசி, நிறுத்தாத. நான் பாத்துக்கறேன்" என்று முணுமுணுப்பார். ஒவ்வொரு ஞாயிறும் குறைந்தது பத்து தடவை இதைக் கேட்டிருப்பேன். இப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சௌகரியம் தெரியுமா? ஆறே மாதத்தில் அதை சௌகரியம் என்றே நினைக்க மறந்துவிட்டேன். ஃபேன் ஓடுகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வருஷம் மாஸ்டர் ஒரு பாலே இசையை எடுத்துக்கொண்டு வந்தார். மேல்நாட்டில் கால் கட்டைவிரல் நுனியில் நின்று ஆடுவார்களே, அந்த ஆட்டத்துக்காக எழுதியது. மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ஒரு ஹோட்டல் புல்வெளியில், ஜனவரி மாதம் ஒரு சாயங்காலம் வாசிப்பதாக ஏற்பாடு. யார் ஆடப் போகிறார்கள் என்று அக்கா கேட்டார். யாரும் இல்லை, இசை மட்டும்தான் என்றார் மாஸ்டர். ஆளே இல்லாத ஆட்டத்துக்கு இருபத்தாறு பேர் வாசிக்கிறோம் என்று அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதில் மூன்றாவது உருப்படியில் ஓர் இடம். கதைப்படி மேடையில் எல்லோரும் ஒதுங்கிவிட, இரண்டு பெண்கள் மட்டும் நிற்பார்களாம். முதலில் ஒருத்தி ஆடுவாள், பிறகு மற்றவள். இசையும் அதே மாதிரி. எல்லா வாத்தியமும் அடங்கிவிடும். இரண்டே வயலின், மொத்தம் எட்டு பார். பார் என்றால் ஒரு தாளச் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலில் மெட்டு ஒரு வயலினுக்கு, அடுத்த நாலில் அது மற்ற வயலினுக்குக் கைமாறும். முதல் வரிசை ஆட்கள் இரண்டு பேரும் அந்த மாதம் வெளியூரில் இருந்ததால் மாஸ்டர் எங்கள் இருவரையும் கைகாட்டினார். வெளிப்பக்கம் உட்கார்ந்த எனக்கு முதல் நாலு. அக்காவுக்கு அடுத்த நாலு.

என் நாலு பார் முடிகிற இடத்தில் ஏழாம் பக்கம் முடிந்தது.

ஆக, மெட்டு அக்காவின் கைக்கு வருகிற நேரத்தில் அந்தக் கை கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். தாளைத் திருப்பி மாட்டி முடிப்பதற்குள் இரண்டு பார் ஓடிவிடும். அதுவரை என் வயலின் மட்டும் துணைக்கு இரண்டு சுரத்தை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருக்கும். ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். வைத்தோம். ஹாலின் ஃபேன் காற்றுக்கே உதிரித் தாள் பறந்து போய்ப் பல் டாக்டரின் காலடியில் விழுந்தது. கடற்கரையில் என்ன ஆகும் என்று யோசித்து, உதிரித் தாளே கூடாது, எல்லாம் தைத்த ஃபைலில் கிளிப்போடுதான் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகிறது இரண்டு பார்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். அக்காவும் தலையாட்டினார். என் நாலு பாரை எல்லோரும் பாராட்டினார்கள். டவுன்ஷிப் விஞ்ஞானி ஒருவர் தினமும் எத்தனை மணி நேரம் சாதகம் செய்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் ஒத்திகை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அக்கா விஷயத்தைச் சொன்னார். தம்பி மனைவி புதிதாகத் தையல் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம். இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும், இந்த வயதில் உனக்கு என்ன வயலின் என்று தம்பி கேட்டுவிட்டார். அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக உடனே சரி என்று சொல்லாமல் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை வந்து நான் வாசிப்பதைக் கேள், கேட்டுவிட்டும் போகாதே என்று நீ சொன்னால் நின்றுவிடுகிறேன். தம்பியும் ஒப்புக்கொண்டார். மாமல்லபுரத்துக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

கீழே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அந்த ஏழாம் பக்கம் மட்டும் நீ திருப்புறியா?"

கேட்டுவிட்டு, அவர் பகுதி அவருக்கு மனப்பாடம் என்றும், தாள் தேவைப்படாது என்றும், திருப்பும்போது எனக்குப் போவது துணைச் சுரம்தான் என்றும், ஏதோ பெரிய கடன் கேட்டவர்போல் அடுக்கிக்கொண்டே போனார். இதென்ன அக்கா, இதற்குப் போய் இவ்வளவா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நான் திருப்பினேன். என் நாலு பார் முடிந்தது. வில்லை இறக்கி, கிளிப்பைக் கழற்றினேன். பக்கத்தில் அக்காவின் வயலின் எழுந்தது. மூன்று வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், அதை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. தனியாக ஒரு பெண் இடத்தை விட்டு நகராமல் நின்றபடியே ஆடுவது மாதிரி இருந்தது. கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் மாஸ்டர் தாளம் காட்டும் குச்சியை இறக்கிவிட்டு, அந்த இடம் இப்படித்தான் இருக்க வேண்டும், இத்தனை நாளும் நமக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். சாதகம் எத்தனை மணி நேரம் என்று என்னைக் கேட்ட விஞ்ஞானியும் அவரைத்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து என் நாலு பார், அவர் வருவதற்கு முன்னால் வருகிற நாலு பார் ஆகிவிட்டது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூன்று ஒத்திகையிலும் ஒழுங்காகத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து சமையல் பாத்திரத்தை டங் டங்கென்று வைத்தேன். என் வீட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன். பொறாமை என்கிற வார்த்தை எனக்கு அப்போது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

கச்சேரி அன்று சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடங்கியது. புல்வெளியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு இருபது பேர், மற்றதெல்லாம் எங்கள் வீட்டு மனிதர்கள். முதல் வரிசையில் திண்டிவனத்திலிருந்து வந்த என் மாமனார், மாமியார். கடைசி வரிசையில் அக்காவின் தம்பி. பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவித்த சோளம் தின்றுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார். அக்கா கடல் நிறத்தில் ஒரு பட்டுப் புடவை கட்டியிருந்தார். உட்கார்ந்ததும் கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். நானும் அசைத்தேன்.

காற்று சொல்லி மாளாது. தாளுக்கு ஒரு கிளிப் போதாமல் மூன்று மாட்டியிருந்தோம். முதல் இரண்டு உருப்படியிலும் பக்கங்களையெல்லாம் அக்கா திருப்பினார். மூன்றாவது வந்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. என் நாலு பார் தொடங்கியது. நன்றாக வந்தது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. மாமனார் மாமியாரிடம் குனிந்து ஏதோ சொன்னதைக்கூடப் பார்த்தேன். நாலாவது பார் முடியப் போகிறது. நான் வில்லை இறக்க வேண்டும்.

நான் இறக்கவில்லை.

எனக்கும் அந்தப் பகுதி மனப்பாடம். டிசம்பர் முழுக்க அவ்வளவு சாதகம் செய்திருந்தேன். தாள் திரும்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவருக்கும் இல்லை, அப்புறம் நான் எதற்குக் கையை எடுக்க வேண்டும் என்று அந்த ஒரு நொடிக்குள் ஒரு கணக்கு ஓடியது. கணக்கு சரிதான். அதனால்தான் இத்தனை வருஷமாக அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.

அக்கா வில்லைத் தந்தியில் வைத்திருந்தார். என் வில் நிற்காததைப் பார்த்தார். வைத்த வில் எழுந்தது. மூன்று விரலில் இடுக்கிக்கொண்டார். இரண்டு விரல் போய்க் கிளிப்புகளைக் கழற்றியது. கழற்றியதும் காற்று ஃபைலையே தூக்க, வயலினை மடியில் இறக்கிவிட்டு, உள்ளங்கையால் தாளை அழுத்திப் பிடித்தார். விட்டால் பறந்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பார் போயிற்று. மூன்றாவது போயிற்று. நாலாவதும் போயிற்று. ஊரே கேட்க நான் இரண்டு சுரத்தை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தேன். மற்ற வாத்தியங்கள் வந்து சேர்ந்துகொண்டன.

கைதட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள்.

நாற்காலிகளை மடக்கும்போது தம்பி பிள்ளைகளோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கிண்டலும் இல்லை அவர் குரலில். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"இன்னாக்கா, நீ எப்ப வாசிச்ச? எல்லாம் நின்னப்பகூட நீ பேப்பரத்தான புட்ச்சிகினு இருந்த. இதுக்கா ஞாயித்துக்கெழமையானா ஓடிவர்ற?"

அக்கா வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். "ஆமா" என்றார். அவ்வளவுதான். சின்னப் பெண்ணின் வாயில் ஒட்டியிருந்த சோளத்தைப் புடவைத் தலைப்பால், அந்தப் பட்டுத் தலைப்பால் துடைத்துவிட்டார். நான் பக்கத்தில் போய், மறந்துவிட்டேன் அக்கா என்றேன். பரவாயில்லை, என் கைதான் பழக்கத்தில் போய்விட்டது என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. மாஸ்டர் ஆள் அனுப்பினார், வீட்டில் வேலை இருக்கிறது என்று பதில் வந்தது. பக்கத்து நாற்காலி காலி. என் தாள்களை நானே திருப்பிக்கொண்டேன், ஒவ்வொரு பக்கத்திலும் தடுமாறினேன். ஒரு வருஷத்தில் மாஸ்டர் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். டவுன்ஷிப் வேனும் நின்றது. ஆர்க்கெஸ்ட்ரா கலைந்தது. நாங்கள் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனோம். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

திரும்பி வந்த பிறகு மாமியாரின் முட்டி வலிக்காக அதே நர்சிங் ஹோமுக்குப் போனேன். அதே மேஜையில் அக்கா. தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து, முதலில் மாமியாருக்கு நாற்காலி போட்டார். தம்பி பெண் பன்னிரண்டாவது படிக்கிறாளாம். வயலின் பீரோ மேல் இருக்கிறதாம், இரண்டு தந்தி அறுந்துவிட்டதாம். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் பார்த்தாராம், அவளுக்கு வேண்டாமாம். பேச்சுக்கு நடுவே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியாரை உள்ளே கூப்பிட்டார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான் மறக்கல. வேணும்னேதான் திருப்பல."

அவர் அட்டையில் அடுத்த எண்ணை எழுதி முடித்தார்.

"தெரியும்மா. நீ திருப்பமாட்டேன்னு எனக்கு மூணு வாரம் முன்னாடியே தெரியும். ஒத்திகையில உன் மூஞ்சியே சொல்லிச்சி."

தெரிந்துமா? அவர் பகுதி அவருக்கு மனப்பாடம் ஆயிற்றே. தம்பி பின்னால் உட்கார்ந்திருந்தாரே. தாள் எக்கேடோ கெடட்டும் என்று வாசித்திருக்கலாமே. பிறகு எதற்கு அக்கா திருப்பினீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"எனக்கு மனப்பாடம், சரி. உனக்கு? தாள் இல்லாம நீ பாதியில நின்னுட்டீன்னா? உன் மாமனார் மாமியார் எதிர்லயே குந்திகினு இருந்தாங்களேமா."

கைக்குழந்தையோடு ஒருவர் உள்ளே வந்தார். அக்கா என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிப் பெயரைக் கேட்டார். எனக்கும் மனப்பாடம்தான் என்பதை நான் அன்றும் சொல்லவில்லை.